பத்து நாள் ராஜா வாங்கின சாவி

மணி எட்டரை. பன்னெண்டுக்கு ரொசேந்தாவோட வீடு கைவிட்டுப் போயிடும்.

இது தெரிஞ்சும், அவங்களுக்காகத் துப்பறியுற ரெமெய் மேடம் காப்பிய ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு ஊது, கடியாரத்த ஒரு பார்வை. இன்னொரு ஊது, ஜன்னல ஒரு பார்வை. வெளிய பனி விழலாமா வேணாமான்னு வானம் யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"செஃபெரினோ, கால ஆட்டாத."

"நான் எங்க ஆட்டுறேன்? மேஜைதான் ஆடுது மேடம்."

"மேஜைக்குத் தானா ஆடத் தெரியாது."

நிறுத்திட்டேன். அடுத்த நிமிஷம் அவங்க கால் ஆட ஆரம்பிச்சுது. நான் அவங்க டிரைவர். சம்பளம் குடுக்குறவங்க கால் ஆடலாம்.

நாங்க உக்காந்திருந்தது கிளிமென் ஓட்டல் பாருல. எதிரியோட கடையிலயா காப்பின்னு கேக்காதீங்க. நவம்பர் மாசத்துல, அந்தோரா மலை உச்சியில, அந்த நேரத்துக்குத் திறந்திருக்கிற கடை அது ஒண்ணுதான்.

இந்த நாட்டுக்கு ரெண்டு இளவரசருங்க. பேருதான் இளவரசர், ரெண்டு பேருமே தலை நரச்சவங்க. ஒருத்தர் பக்கத்து ஸ்பெயின்ல பிஷப்பு, அவருக்குக் கல்யாணமே கிடையாது. இன்னொருத்தர் பிரான்ஸ் ஜனாதிபதி, அவர ஏழு வருஷத்துக்கு ஒரு தடவ வேற நாட்டுக்காரன் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறான். எழுநூறு வருஷமா இப்படியே ஓடுது. போர்ச்சுகல்லேர்ந்து வந்த புதுசுல யாரோ கேலி பண்றாங்கன்னு நெனச்சேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. இப்ப எங்க ஊர் அரசியல்தான் எனக்குக் கேலியாத் தெரியுது.

நடுவுல ஒரு தடவ மட்டும் இந்த நாட்டுக்கு ராஜான்னு ஒருத்தன் கிளம்புனான். 1934, ஜூலை. ரஷ்யாக்காரன். ஒத்தைக் கண்ணாடி, நல்ல கோட்டு. நான்தான் ராஜான்னு அறிவிச்சான். பத்துப் பன்னெண்டு நாள்ல ஸ்பெயின் போலீஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

அந்தப் பத்து நாள்ல நடந்ததுதான் எங்க கேசு.

நாட்டோட பழைய பத்திரமெல்லாம் தலைநகரத்துல ஒரு அலமாரியில இருக்கு. அன்னிக்கு ஆறு வட்டாரம். அதனால அலமாரிக்கு ஆறு பூட்டு, வட்டாரத்துக்கு ஒரு சாவி. ஆறு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். ராஜாவுக்கு அந்தப் பத்திரம் வேணும். ஆள் விட்டு ஒவ்வொரு வட்டாரமா சாவி கேட்டான். எங்க வட்டாரச் சாவி பொனவெந்தூரா மந்திக்கோங்கற மனுஷன்கிட்ட இருந்துச்சு. 'தர மாட்டேன்'னுட்டாரு. அடுத்த வருஷம் ஊரே கூடி, பொது நிலத்துல மேல்புல்வெளியையும் ஒரு வீட்டையும் அவருக்குக் குடுத்துச்சு. அவர் வம்சத்துல ஒரு ஆள் அங்க அடுப்பு மூட்டுற வரைக்கும் அது அவங்களுது.

இன்னிக்கு அங்க அடுப்பு மூட்டுறது அவர் மக ரொசேந்தா. அம்பத்தெட்டு வயசு, பதினோரு மாடு, வேற யாரும் இல்ல.

போன மாசம் கிளிமென் துலூஸ் ஏலத்துல ஒரு பழைய பெட்டி வாங்கினாரு. உள்ள ஒரு கடுதாசி. அந்தப் பத்து நாள் ராஜாவோட காரியதரிசி லூசியன்னு ஒருத்தன் கைப்பட எழுதினது. கடுதாசிக்குள்ள சுத்தி ஒரு இரும்புச் சாவி. 'மந்திக்கோ சாவிய எங்களுக்குத் தந்தான். பதிலுக்கு ராஜா அவனைக் கோமகன் ஆக்கினார்'னு எழுதியிருக்கு.

அப்ப ஊரு குடுத்த வீடு பொய்க்குக் குடுத்த வீடு. வாபஸ் வாங்கலாமா வேணாமான்னு இன்னிக்கு மதியம் பன்னெண்டுக்கு வீட்டுத் தலைவருங்க கூடி ஓட்டுப் போடுறாங்க. எங்க? இதே ஓட்டல்ல, பக்கத்து சாப்பாட்டு ஹால்ல. ஊர் மண்டபத்து அடுப்பு ரிப்பேராம். சூப்பு கிளிமென் உபயம். புல்வெளி கைக்கு வந்தா அங்க பனிச்சறுக்குக்கு லிஃப்ட்டு நிலையம் கட்டப்போறதும் அவர்தான்.

"என்னம்மா ரெமெய், மோப்பம் பிடிச்சாச்சா?"

அவரேதான். வழுக்கைத் தலை, வாய் நிறைய சிரிப்பு.

"பிடிச்சுக்கிட்டே இருக்கேன் கிளிமென். உங்க காப்பி வாசத்துல வேற எதுவும் தெரிய மாட்டேங்குது."

"கடுதாசி பொய்யின்னு நிரூபிக்கத்தானே அலையுறீங்க? தலைநகரத்துல காட்டுனீங்களே, என்ன சொன்னாங்க?"

"காகிதம் பழசு, மை பழசு, கையெழுத்தும் அவனோடதுதான்னு சொன்னாங்க."

"அப்புறம் என்ன? சூப்பு குடிச்சுட்டுப் போங்க. ரொசேந்தாவுக்குக் கீழ ஒரு ரூம் நானே தரேன். ஹீட்டரோட."

"மாடு பதினொண்ணுக்கும் ஹீட்டர் உண்டா?"னு நான் கேட்டேன்.

"உன்கிட்ட யாருப்பா பேசுனா?"

நான் ரோஷமா எந்திரிச்சேன். கர்ர்ருன்னு ஒரு சத்தம். மேஜை ஓரத்துல நீட்டிக்கிட்டிருந்த இரும்பு என் கோட்டுப் பாக்கெட்டக் கிழிச்சுடுச்சு. பழைய ஓக்கு மரக் கதவு ஒண்ணத்தான் படுக்கப் போட்டு மேஜை ஆக்கி வச்சிருந்தாரு.

கிளிமென் சிரிச்சாரு. "இது பதினேழாவது கோட்டு. அறுத்துடலாம்னா, பழமை போயிடும்னு என் பொஞ்சாதி விட மாட்டேங்குறா."

ரோஷமும் போச்சு, பாக்கெட்டும் போச்சு.

வண்டியில ஏறினதும் மேடம் கடுதாசியோட நகல மடியில விரிச்சாங்க. மேல்புல்வெளிக்குப் பன்னெண்டு வளைவு. என் ரெனோவுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு பிரசவம்.

"இது பொய்க் கடுதாசியா இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல வழுக்கணும் செஃபெரினோ. இப்ப ஏழு வட்டாரம், ஏழு பூட்டு. எழுபத்தெட்டுலதான் ஏழாவது வந்துச்சு. இன்னிக்கு எவனாவது உக்காந்து எழுதியிருந்தா கை தானா ஏழுன்னு எழுதியிருக்கும். இதுல ஆறுன்னுதான் இருக்கு."

"கணக்கா எழுதின திருடனா இருப்பான்."

"பிஷப்புக்குக் காணிக்கையா சீஸும் ஹாமும் கோழியும் ரெட்டை வருஷத்துலதான் போகும். ஒத்தை வருஷம் பிரான்ஸ்காரருக்கு. முப்பத்திநாலு ரெட்டை. 'ஊர்ல எல்லாரும் பிஷப்புக்கு சீஸ் சேத்து வைக்கிறாங்க'ன்னு எழுதியிருக்கான். அதுவும் சரி."

"அப்ப நாம தோத்தோமா?"

"கடுதாசி நிஜம். அவன் எழுதினதும் அவன் கண்ணுக்கு நிஜம்."

"அது என்ன மேடம், அவன் கண்ணுக்கு?"

மேடம் விரலால கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அஞ்சாவது வளைவுல சொன்னாங்க.

"சாவிய ஒத்துப் பாத்துட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சுரும்."

"பாக்க வேண்டியதுதானே? வட்டாரச் சாவி ஊர் மண்டபத்துல இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா ஒரு வட்டாரத்துச் சாவி பெட்டிய விட்டு வெளிய வரணும்னா மத்த ஆறு வட்டாரத்துக்கும் ஆள் போகணும். ஆறு பேரும் தன் தன் சாவியோட வந்து நிக்கணும். காட்டுறதுக்குக்கூட தனியா எடுக்க மாட்டாங்க. அதுதான் முறை. அடுத்த தடவ ஏழு பேரும் கூடுறது ஜனவரியில. கூட்டத்த ஜனவரிக்குத் தள்ளுங்கன்னு கேட்டேன். லிஃப்ட்டு கம்பெனிக்காரன் இந்த வாரமே பதில் கேக்குறானாம்."

"சரி, அன்னிக்கே சாவியக் குடுத்துட்டாருன்னா, மண்டபத்துல இருக்கிறது எப்படி வந்துச்சு? இத யாரும் கிளிமென்கிட்ட கேக்கலையா?"

"கேட்டாங்க. மந்திக்கோவோட மச்சான் கொல்லன். 'ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ண அடிச்சுக்கிட்டான்'ங்குறாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க."

"நம்ம ஊர் ஜனங்க சூப்புக்கும் தலையாட்டுவாங்க."

"கேளு, இத நீ கேக்கல." மேடம் பிரெஞ்சுல இருந்ததப் படிச்சுச் சொன்னாங்க. "'கழுத்துக் கயித்துலேர்ந்து கழட்டிக் குடுத்தான். அந்த நாத்தம் என் கையுறைய விட்டு ரெண்டு நாளாப் போகல. இந்த ஊர்ல இரும்புகூட நாறுது.'"

"கோட்டு போட்ட ஆளு. மாட்டுக்காரன் கிட்ட வந்தாலே மூக்கப் பொத்தியிருப்பான்."

மேடம் சிரிக்கல. அந்த வரிய மறுபடி படிச்சாங்க. அப்புறம் இன்னொரு தடவ.

ரொசேந்தா வீட்டுப் பின்னால மலைய வெட்டின குகையில இருந்தாங்க. வெளிய அலுமினியக் கதவு. உள்ள மண்சட்டி வரிசை. சீஸப் பிசைஞ்சு, பூண்டும் பிராந்தியும் ஊத்தி, மாசக்கணக்குல மூடி வைக்கிறது. ஒரு சட்டி மூடியத் திறந்தாங்க. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அழுவாதப்பா, இன்னும் வீடு போகல"ன்னாங்க ரொசேந்தா.

"அழல. உயிரோட இருக்கேனான்னு பாத்துக்கிட்டேன்."

"இது பிஷப்புக்கு. இந்த வருஷம் ரெட்டை வருஷம்ல. மதியம் வீடு இருக்கோ இல்லையோ, சட்டிய இன்னிக்குக் கிளறியாகணும்." கை நிக்காம கிளறிக்கிட்டே இருந்துச்சு. கரண்டி மட்டும் சட்டி ஓரத்துல டக்கு டக்குன்னு இடிச்சுது. "ரெமெய், ஒண்ணு கேக்கட்டுமா? எங்கப்பா குடுத்துட்டாருதானே? மறைக்காம சொல்லுங்க. குடுத்திருந்தா நானே போய் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டு இறங்கிடுறேன். ஊரு ஒண்ணொண்ணா கை தூக்குறத உக்காந்து பாக்க என்னால ஆகாது."

மேடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டாங்க. "வட்டாரச் சாவிய உங்கப்பா எங்க வச்சிருந்தாரு?"

"அம்மாவோட கல்யாணத் துணிப் பெட்டியில. லாவெண்டர் பூ போட்டு. அம்மா சாகுற வரைக்கும் சொல்லுவா, நாட்டோட சாவி என் ஜாக்கெட்டுக்குள்ளதான் தூங்குச்சுன்னு."

"அப்ப அந்தச் சாவி பூ வாசம்தான் அடிக்கும்."

"அடிக்கும். ஏன்?"

"கழுத்துல எந்தச் சாவிய மாட்டியிருந்தாரு?"

கரண்டி நின்னுச்சு.

"இந்தக் குகைச் சாவிதான். ரெட்டை வருஷம் வந்தா பிஷப்பு சீஸ் உள்ள இருக்கும், யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டிக் கழுத்துல மாட்டிக்குவாராம். இந்தச் சட்டியில கை விட்டுட்டு அதே கையால சாவியத் தொடுறது. ஆனா அது தொலைஞ்சு போச்சு."

"எப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும்? அம்மா திட்டுறதக் கேட்டுத்தான் தெரியும். 'நீ வயித்துல ஏழு மாசம், உங்கப்பன் எங்கயோ குடிச்சுட்டு வந்து குகைச் சாவியத் தொலச்சான், பிஷப்பு சீஸ் உள்ள மாட்டிக்கிச்சு'ன்னு. முப்பது வருஷம் அதே பாட்டு. அப்பா வாயே திறக்க மாட்டாரு."

மேடம் விரல் விட்டு எண்ணுனாங்க. "நீங்க பொறந்தது?"

"செப்டம்பர். முப்பத்திநாலு."

ஏழு மாசம்னா ஜூலை. எனக்கே விளங்கிடுச்சு. மேடம் கண்ணு பளபளன்னு ஆச்சு.

"அந்தக் கதவு எங்க ரொசேந்தா? இந்த அலுமினியத்துக்கு முன்னாடி இருந்த கதவு!"

"அதுவா? மூணு வருஷம் முன்னாடி பழைய சாமான் வண்டிக்காரன் கேட்டான், எடுத்துக்கிட்டுப் போன்னுட்டேன். உபயோகம் இல்லாத கதவு. சாவி தொலைஞ்சதும் அப்பா கீல கழட்டித்தான் திறந்தாரு. அதுக்கப்புறம் கயித்தாலதான் கட்டுவோம். பூட்டு நாக்கு வெளிய நீட்டுனது நீட்டுனபடியே நின்னுச்சு. சின்ன வயசுல என் பாவாடையெல்லாம் அதுலதான் கிழியும்."

மேடம் திரும்பி என் கோட்டப் பாத்தாங்க. நானும் என் கோட்டப் பாத்தேன்.

"மேடம்..."

"வண்டிய எடு!"

மணி பதினொண்ணு. நான் நெனச்ச மாதிரியே வானம் யோசிச்சு முடிச்சு, பனி கொட்ட ஆரம்பிச்சுது. எட்டாவது வளைவுல விறகு லாரி ஒண்ணு குறுக்க வழுக்கி நின்னுருந்துச்சு. ஹார்ன் அடிச்சா லாரிக்காரன் கை விரிச்சான். மேடம் இறங்கி நடக்க ஆரம்பிச்சாங்க. பின்னால ரொசேந்தா, சட்டி கிளறின கையோட. அதுக்குப் பின்னால நான், கிழிஞ்ச பாக்கெட்டோட.

"செஃபெரினோ, மணி?"

"பதினொண்ணே முக்கால்."

"இப்ப?"

"ரெண்டு அடிதான் மேடம் வச்சிருக்கோம்."

ஓட்டல் கதவத் தள்ளுறப்ப பன்னெண்டு அஞ்சு. ஹால்ல இருபத்திமூணு வீட்டுத் தலைவருங்க. ஆளுக்கொரு கிண்ணம் சூப்பு. நடுவுல ஜசின் பெரியவர், எண்பது வயசு, கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. அவர் முன்னால கடுதாசி, அது மேல சாவி.

"ஓட்டுக்கு விடப் போறோம்மா ரெமெய். நேரமாயிடுச்சு"ன்னாரு.

"விடுங்க பெரியவரே. அதுக்கு முன்னால ரெண்டு விஷயம் ஒத்துக்கறேன். கடுதாசி நிஜம். பொனவெந்தூரா மந்திக்கோ ராஜாவோட ஆளுக்குச் சாவி குடுத்ததும் நிஜம்."

எல்லாத் தலையும் ரொசேந்தா பக்கம் திரும்புச்சு. ரொசேந்தா கதவு ஓரமாவே நின்னுட்டாங்க. கிளிமென் கைய விரிச்சு, "நான் என்ன சொன்னேன்?"ங்கற மாதிரி எல்லாரையும் பாத்தாரு.

"எந்தச் சாவின்னு மட்டும் பாத்துரலாம்"னாங்க மேடம்.

"எப்படிப் பாப்பீங்க?" கிளிமென் எந்திரிச்சாரு. "ஏழு பேரும் வராம அலமாரியத் தொட முடியாது. மண்டபத்துப் பெட்டியத் திறக்க முடியாது. இது முறை. நான் வச்ச முறையா?"

"அலமாரியத் தொட வேணாம் கிளிமென். இது அலமாரியத் திறக்குமான்னு பாக்கத்தான் முறை தடுக்குது. வேற எதையாவது திறக்குமான்னு பாக்க எந்த முறையும் தடுக்கல. பெரியவரே, சாவிய எடுத்துக்கிட்டு பாருக்கு வாங்க. நாலு அடிதான்."

ஜசின் பெரியவர் சாவிய விரலால புரட்டிப் பாத்தாரு. அப்புறம் எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. அவர் எந்திரிச்சா எல்லாரும் எந்திரிக்கணும். கிண்ணத்தோடயே வந்தாங்க.

மேடம் அந்த மேஜை முன்னால நின்னாங்க. "ரொசேந்தா, இது யாரு வீட்டுக் கதவு?"

ரொசேந்தா குனிஞ்சு பாத்தாங்க. கீழ் ஓரத்துல ஒரு ஒட்டுப் பலகை, அதத் தடவுனாங்க. "எங்க குகைக் கதவு. அம்மா எலி ஓட்டைக்கு ஆணி அடிச்ச பலகை இது. எல்லாம் வளைஞ்ச ஆணி."

ரெண்டு மூணு பேரு, "ஆமா, அந்தக் கதவுதான், பால் வாங்கப் போறப்ப பாத்திருக்கோம்"னாங்க.

"பெரியவரே, போடுங்க."

ஜசின் பெரியவர் சாவிய ஓட்டையில விட்டாரு. போச்சு. திருப்புனாரு. திரும்பல. வலது பக்கம், இடது பக்கம், ம்ஹூம்.

கிளிமென் மூச்ச விட்டாரு. "இந்த மலையில பாதி சாவி எந்த ஓட்டையிலயும் போகும். சூப்பு ஆறுது, வாங்க."

ரொசேந்தா முகம் வெளுத்துப் போச்சு. மேடம் மட்டும் நகரல. "அம்பத்தெட்டு வருஷம் தூங்குன பூட்டு. அதுக்கு ஒண்ணும் குடுக்காம எழுப்புறீங்களே. எண்ணெய்!"

கவுண்டர்ல சாலட்டுக்கு வச்சிருந்த ஆலிவ் எண்ணெய் ஜாடிய எடுத்து நான் ஊத்துனேன். கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன், கிளிமென் எண்ணெய்தானே. மேடம் மனசுக்குள்ள எண்ணுனது உதட்டுல தெரிஞ்சுது. முப்பது எண்ணியிருப்பாங்க.

"ரொசேந்தா, நீங்க திருப்புங்க."

சீஸ் கையோட அவங்க சாவியப் பிடிச்சாங்க. ஒரு முக்கல். ஒரு கிறீச். அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தம்.

பதினேழு கோட்டக் கிழிச்ச நாக்கு, என்னோடதையும் சேத்துத்தான், சமர்த்தா உள்ள போயிடுச்சு.

ஜசின் பெரியவர் அந்த ஓரத்த விரலால தடவிப் பாத்தாரு, நிஜமாவே போயிடுச்சான்னு. ரொசேந்தா மறுபடி திருப்புனாங்க. நாக்கு வெளிய வந்துச்சு. மறுபடி. உள்ள போச்சு.

"நாட்டையே திறக்கிற சாவின்னு நெனச்சு ராஜா வாங்கினது இதத்தான்"னாங்க மேடம். "சீஸ் குகை. லூசியன் கையுறை நாறினது அதனாலதான். அவன் பொய் எழுதல, அவனுக்கே தெரியாது. நிஜச் சாவி மந்திக்கோ பொஞ்சாதியோட ஜாக்கெட்டுக்குள்ள பூ வாசத்துல கிடந்துச்சு. ஆறும் சேர்ந்தாத்தான் திறக்கும்னு இருக்கிறப்ப ஒண்ணு பொய்யாப் போனா போதும், மத்த அஞ்சும் வெறும் இரும்பு."

"அப்ப ஏன் அவரு யார்கிட்டயும் சொல்லல?"ன்னாரு ஜசின் பெரியவர்.

"சொன்னா, 'ராஜா ஆளுகிட்ட கைநீட்டிப் பட்டம் வாங்கினியா'ன்னு கேப்பீங்கல்ல. இன்னிக்குக் கேட்டீங்களே, அதே மாதிரி."

கிளிமென் மேஜையையும் சாவியையும் மாறி மாறிப் பாத்தாரு. மூணு வருஷமா அது மேலதான் தினம் காப்பி குடிக்கிறாரு மனுஷன்.

ஓட்டு அங்கயே நடந்துச்சு, நின்னபடியே. கைய முதல்ல தூக்குனது ஜசின் பெரியவர். கிண்ணம் இல்லாத கை, கிண்ணம் இருக்கிற கை, எல்லாம் மேல போச்சு. கடைசியா கிளிமெனும் தூக்குனாரு. வீடு ரொசேந்தாவுக்கே.

"மேஜைய நாளைக்கே மேல அனுப்பி வைக்கிறேன்"ன்னாரு, தரையப் பாத்துக்கிட்டு.

"அதுல நாலு கால் அடிச்சிருக்கீங்களே கிளிமென். கழட்டிட்டு அனுப்புங்க"ன்னாங்க ரொசேந்தா.

எல்லாரும் சூப்புக்குப் போனாங்க. ரொசேந்தா மட்டும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. சாவி உள்ளங்கையில.

"குடிச்சுட்டுத் தொலைச்சான், குடிச்சுட்டுத் தொலைச்சான்னு முப்பது வருஷம் ரெமெய். அவரு சாகுற அன்னிக்குக்கூட அம்மா அதத்தான் சொல்லி அழுதா. அவரும் தலையாட்டிக்கிட்டே போயிட்டாரு." மூக்கத் துடைச்சாங்க. "இப்ப அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

மேடம் கடியாரத்தப் பாத்தாங்க, ஜன்னலப் பாத்தாங்க, அப்புறம் ரொசேந்தா தோள்ல கைய வச்சாங்க. காலையிலேர்ந்து எதையாவது தட்டிக்கிட்டே இருந்த விரல், அங்க மட்டும் அசையாம இருந்துச்சு.

நான்தான் கதவத் திறந்து பிடிச்சேன். "வாங்க கோமகளே, ரெனோ காத்திருக்கு."

"என்னது?"

"கடுதாசி நிஜம்னா பட்டமும் நிஜம்தானே. உங்கப்பா கோமகன்."

ரொசேந்தா சாவிய ஒரு கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க.

"வண்டி எட்டாவது வளைவுல நிக்குது மடையா. நட. மாடு கத்த ஆரம்பிச்சிருக்கும்."